சீத்தைத் துணியில் சின்னப் பரிசுகளும் ஒரு குவில்ட்டும்: மலையகத்து வீட்டிலிருந்தே தைக்க முழு வழிகாட்டி

சீத்தை, அதாவது பூப்போட்ட அச்சுப் பருத்தித் துணி ஒன்று கையில் கிடைத்ததும், "இதில் ஒரு பை தைக்கலாம்" என்று பலர் உடனே கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அச்சுத் துணியில் பாதி வேலை வெட்டுவதற்கு முன்னாலேயே கண்ணால் செய்வது. பூ எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் பார்க்கிறது, எத்தனை அங்குலத்துக்கு ஒரு தடவை திரும்ப வருகிறது என்று பார்த்துவிட்டால் எதைத் தைக்கலாம் என்பது தானாகவே முடிவாகிவிடும். பையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குத் துணி தேடினால் கைக்காசும் போகும், அழகான துணியும் வீணாகும்.

இந்த வழிகாட்டியில் ஒரு சுருக்குப்பை, சட்டி பிடிக்கும் துணி, டீபொட் உறை, அப்புறம் 36 அங்குலச் சதுரத்தில் குழந்தைக்கு ஒரு குவில்ட் ஆகியவற்றைத் தைக்கப் போகிறோம். எல்லாவற்றுக்கும் நேர்த்தையல் மட்டும் போடும் கால் மெஷினே போதும். குவில்ட் என்றால் மேலே ஒட்டுப்போட்ட அச்சுத் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே இன்னொரு துணி, மூன்றையும் ஊடுருவித் தைத்த போர்வை. பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டத் தையல் போட்டுத் தொட்டிலுக்கு விரித்த பாட்டிமாருக்கு இது புதிய விஷயமே இல்லை.

அச்சைப் பார்ப்பது

துணியை மேசையில் விரித்து இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். நகத்தளவு பூ, புள்ளி, சிறு இலை என்றால் அது சின்ன அச்சு. எதற்கும் ஒத்துப்போகும், இரண்டு அங்குலத் துண்டாக வெட்டினாலும் முகம் மாறாது. பூ உள்ளங்கையளவு இருந்தால் நடுத்தரம். பைக்கும் டீபொட் உறைக்கும் அதுதான் பொருத்தம். பூ விரித்த கையளவோ அதைவிடப் பெரிதோ என்றால் நிதானம் வேண்டும். அதை ஐந்து அங்குலச் சதுரங்களாக நறுக்கினால் ஒரு துண்டில் பாதி இதழ், இன்னொன்றில் வெறும் பச்சை, மூன்றாவதில் ஒன்றுமே இல்லாத பின்னணி என்று வரும். மூன்றும் ஒரே துணியில் இருந்து வந்தவை என்றே தெரியாது.

பெரிய பூவுக்கு இரண்டு வழி உண்டு. குவில்ட்டின் பின்பக்கத்துக்கு முழுத் துண்டாகவே போடலாம். அல்லது பூவை மட்டும் ஓரத்தோடு வெட்டி எடுத்து, வெற்றுத் துணியின் மேல் வைத்துத் தைக்கலாம். இந்த இரண்டாவது வழிக்குப் பழைய சரித்திரம் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய கைவண்ணப் பருத்தித் துணிகளுக்கு ஐரோப்பாவில் அப்படி ஒரு மவுசு. உள்ளூர் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறது என்று பிரான்ஸ் 1686இல் அவற்றைத் தடையே செய்தது. விலை கூடிய துணி என்பதால் அங்குள்ள பெண்கள் ஒரு துண்டைக்கூட எறியாமல், பூவையும் பறவையையும் தனித்தனியாக வெட்டி வெள்ளைத் துணியில் பதித்து முழுப் படுக்கை விரிப்பு செய்தார்கள். இன்று நம் கையில் பெரிய பூச் சீத்தையில் ஒரு முழம்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், அதே தந்திரம் நமக்கும் உதவும்.

அடுத்தது திசை. யானை, வீடு, செடி, எழுத்து போட்ட அச்சுகளுக்கு மேல், கீழ் உண்டு. அப்படிப்பட்ட துணியை அடியில் மடித்துப் பை தைத்தால் முன்பக்க யானை நிமிர்ந்து நிற்கும், பின்பக்க யானை தலைகீழாக நிற்கும். திசையுள்ள அச்சில் எப்போதும் இரண்டு தனித் துண்டுகளாக வெட்டி அடியில் இணையுங்கள். ஒரு பூவிலிருந்து அதே பூ திரும்ப வரும் இடைவெளியையும் டேப்பால் அளந்து வையுங்கள். முன்னும் பின்னும் ஒரே இடத்தில் பூ வர வேண்டுமானால் அந்த அளவுக்கு மேலதிகத் துணி வாங்க வேண்டியிருக்கும்.

எங்கே, எதை வாங்குவது

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று எந்த நகரத்துத் துணிக்கடையிலும் சீத்தை மீட்டர் கணக்கில் கிடைக்கும். கொழும்புக்குப் போகிறவர்கள் இருந்தால் புறக்கோட்டையில் சொல்லிவிடலாம். தெரிவு அங்கே அதிகம். ஆனால் சின்னப் பரிசுகளுக்கு எனக்குப் பிடித்த இடம் கட்பீஸ் குவியல்தான். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய துண்டுகள் கிலோ கணக்கில் வரும். அதில் கை விட்டுக் கிளறும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: துண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். டீ-சேர்ட் மாதிரி நீண்டால் அது பின்னல் துணி. எவ்வளவு அழகான அச்சாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். நெய்த துணியோடு அதைச் சேர்த்துத் தைத்தால் ஓரம் அலை அலையாக எழும்பும்.

பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் இரண்டு நூலை உருவி, தண்ணீர் வைத்த கிண்ணத்துக்கு மேலே இடுக்கியால் பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்து, கெட்டியான மணியாகத் திரளும். கலப்புத் துணி இரண்டையும் கொஞ்சம் காட்டும். பைக்குக் கலப்பு பரவாயில்லை. சட்டி பிடிக்கும் துணிக்கு மட்டும் முழுப் பருத்தியே வேண்டும்.

வெற்றுத் துணிக்கு அலைய வேண்டாம். பாடசாலைச் சீருடைக்குக் கொடுக்கிற வெள்ளைத் துணியில் தைத்து மிஞ்சிய துண்டுகள் மலையகத்தில் எந்த வீட்டிலும் எந்தத் தையல்காரரிடமும் இருக்கும். அச்சுத் துணிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒன்றையொன்று அடிக்கும்போது நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம் வந்தால் கண்ணுக்கு ஆறுதல். குவில்ட்டில் பாதிச் சதுரங்களுக்கு அதைத்தான் எடுக்கப் போகிறோம்.

கழுவுவதும் காயவைப்பதும்

தைத்த பிறகு சுருங்கினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பருத்தி முதல் கழுவலில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கக்கூடும். அதனால் வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் கழுவுங்கள். கடும் சிவப்பு, கருநீலம், பட்டிக் துணிகளைத் தனித்தனியாக. சாயம் போகுமா என்று பார்க்க, துணியின் ஒரு மூலையை நனைத்து, மேலே வெள்ளைத் துண்டு ஒன்றை வைத்துச் சூடாக அயன் பண்ணுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் வெள்ளைக்குப் பக்கத்தில் தைக்காதீர்கள். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். இன்றைய கடைத் துணிச் சாயத்துக்கு அது வேலை செய்வதில்லை.

காயவைப்பதுதான் நம் பக்கத்துப் பிரச்சினை. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில் மழை அதிகம். ஈரத் துணியை உள்ளே மூன்று நாள் போட்டு வைத்தால் கரும்புள்ளி விழும். பூஞ்சணப் புள்ளி விழுந்த அச்சுத் துணியை, நிறம் கெடாமல் மீட்பது கஷ்டம். அடுப்படிக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்தால் சீக்கிரம் காயும், ஆனால் புகை வாசம் ஏறிவிடும், பரிசுக்கு ஆகாது. உலர்ந்த துவாய்க்குள் துணியை வைத்துச் சுருட்டி முறுக்கி ஈரத்தை இழுத்துவிட்டு, இலேசாக ஈரம் இருக்கும்போதே அயன் பண்ணி முடிப்பது நல்ல வழி. மழைக்காலத்துக்கு வேண்டியதை வெயில் மாதத்திலேயே கழுவி மடித்து வைக்கிறவர்கள் புத்திசாலிகள்.

கருவிகள்

அதிகம் தேவையில்லை. துணிக்கென்றே ஒரு கத்தரிக்கோல் (காகிதம் வெட்டினால் முனை மழுங்கும்; வீட்டில் எல்லாருக்கும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்), அங்குல டேப், நீளமான அடிமட்டம், சோக்குக் கட்டி, குண்டூசி, ஊக்கு, தையல் பிரிக்கும் கருவி. மெஷினுக்குச் சாதாரண வேலைக்கு 80/12 ஊசி, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது 90/14. மழை நாளில் கரண்ட் போவது நமக்குப் பழக்கம் என்பதால் கால் மெஷின் வைத்திருப்பவர்கள் அதைக் கொடுத்துவிடாதீர்கள். மொத்தத் துணியை நேராக இழுத்துத் தைக்க அதைவிட நல்ல மெஷின் கிடையாது. உருளைக் கத்தியும் வெட்டும் பாயும் இருந்தால் வேலை வேகமாகும். இல்லாதவர்கள் கனமான அட்டையில் ஐந்து அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டால் போதும்.

முதல் வேலை: சுருக்குப்பை

வெளியூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு தேயிலைப் பொட்டலத்தை இதில் போட்டுக் கொடுத்தால் பரிசே இரண்டாகிவிடும். நடுத்தர அச்சில் 8 அங்குல அகலம், 10 அங்குல உயரத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். பூவின் தலை இரண்டிலும் மேலே இருக்கட்டும்.

நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். மேல் ஓரத்திலிருந்து இரண்டரை அங்குலம் கீழே, இரு பக்கமும் சோக்கால் குறியுங்கள். ஒரு பக்கக் குறியில் தொடங்கிக் கீழே வந்து, அடியைச் சுற்றி, மறுபக்கக் குறி வரை அரை அங்குல ஓரம் விட்டுத் தையுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் இரண்டு மூன்று தையல் போட்டு உறுதியாக்க மறக்க வேண்டாம். கயிற்றை இழுக்கும்போது முதலில் பிரிகிற இடம் அதுதான்.

இப்போது பக்கத் தையல்களை விரித்து அயன் பண்ணுங்கள். குறிக்கு மேலே தைக்காமல் விட்ட பகுதியையும் அதே கோட்டில் அரை அங்குலம் உள்ளே மடித்து அமுக்குங்கள். அந்தப் பிளவைச் சுற்றி, ஒரு பக்கம் இறங்கி அடியில் குறுக்கே போய் மறுபக்கம் ஏறுகிற மாதிரித் தைத்துவிட்டால் ஓரம் பிரியாது. பிறகு மேல் ஓரத்தைக் கால் அங்குலம் மடித்து, திரும்ப ஒரு அங்குலம் மடித்து, கீழ் மடிப்பை ஒட்டித் தையுங்கள். கயிறு ஓடும் குழாய் தயார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.

22 அங்குலத்தில் இரண்டு கயிறு எடுங்கள். முதலாவதை ஊக்கில் கோத்து இடப் பக்கத்தில் விட்டு, முன் குழாய் வழியாகப் போய், பின் குழாய் வழியாகத் திரும்பி இடப் பக்கத்திலேயே வெளியே எடுங்கள். இரண்டாவதை அதேபோல வலப் பக்கத்தில் தொடங்கி வலப் பக்கத்தில் முடியுங்கள். இரண்டு பக்கமும் இழுத்தால் வாய் மூடும். முடிந்த பை சுமார் 7 அங்குல அகலம், எட்டேகால் உயரம் வரும். உள்ளே தெரியும் வெட்டு ஓரங்களை நெளித்தையல் போட்டோ கையால் சுற்றித் தைத்தோ அடக்குங்கள். பரிசைத் திறப்பவர் முதலில் பார்ப்பது உள்பக்கத்தைத்தான்.

சட்டி பிடிக்கும் துணியும் டீபொட் உறையும்

இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, உள்ளே வைப்பது மட்டும் வேறு. சட்டி பிடிக்கும் துணிக்குள் கடையில் வாங்கும் பொலியெஸ்டர் பஞ்சு வைக்கக் கூடாது. சூடு அதை ஊடுருவி வரும், அதிகச் சூட்டில் உருகவும் செய்யும். பழைய பருத்தித் துவாயை இரண்டு மூன்று மடிப்பாக வையுங்கள். பழைய டெனிம் ஒரு மடிப்பு சேர்த்தால் இன்னும் நல்லது. அச்சுத் துணியில் எட்டரை அங்குலச் சதுரம் இரண்டு. நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, அதன் மேல் துவாய் அடுக்கை வைத்து, ஒரு மூலையில் தொங்கவிடும் நாடாவை வளைத்து உள்பக்கமாகச் செருகி, மூன்று அங்குல வாய் விட்டுச் சுற்றித் தையுங்கள். மூலைகளைத் தையல் படாமல் நறுக்கி, வாய் வழியாகப் புரட்டி, வாயைக் கையால் மூடி, ஓரத்தை ஒட்டி இன்னொரு சுற்று. பிறகு குறுக்கும் நெடுக்கும் சில கோடுகள் போட்டால் உள் அடுக்கு நகராது. ஈரத் துணியால் சூடான சட்டியைப் பிடித்தால் கை சுடும் என்பதை, பரிசு வாங்குபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

டீபொட் உறைக்குப் பொலியெஸ்டர் பஞ்சும் சரி, பழைய கம்பளித் துண்டு அதைவிடச் சரி. தோட்டத்து வீடுகளில் பெட்டிக்கு அடியில் கிடக்கும் பழைய கம்பளியின் நல்ல பகுதியை இதற்கு வெட்டிக்கொள்ளலாம். அளவு எடுப்பது இப்படி: மூக்கையும் பிடியையும் சேர்த்துச் சுற்றளவு எடுத்துப் பாதியாக்கி, இரண்டு அங்குலம் கூட்டினால் அகலம். ஒரு பக்க மேசையிலிருந்து மூடிக் குமிழுக்கு மேலாக மறுபக்க மேசை வரை டேப்பை ஓட்டிப் பாதியாக்கி, ஒன்றரை அங்குலம் கூட்டினால் உயரம். காகிதத்தில் அந்தப் பெட்டியை வரைந்து, மேல் மூலைகளை வட்டமாக்குங்கள். வெளித்துணி இரண்டு, உள்துணி இரண்டு, கம்பளி இரண்டு. கம்பளியை வெளித்துணியின் பின்னால் வைத்துச் சேர்த்துத் தைத்து, இரண்டு பக்கத்தையும் வளைவில் இணைத்து, உள்துணியை ஒரு வாய் விட்டுத் தனியாகத் தைத்து, இரண்டையும் கீழ் ஓரத்தில் சுற்றி இணைத்து, அந்த வாய் வழியாகப் புரட்டினால் ஆயிற்று. வளைவில் அரை அங்குலத்துக்கு ஒரு சின்ன வெட்டுக் கொடுக்காவிட்டால் புரட்டிய பிறகு வளைவு நெளியும்.

குவில்ட்: கணக்கு முதலில்

5 அங்குலச் சதுரத்தைக் கால் அங்குல ஓரம் விட்டுத் தைத்தால் முடிவில் நாலரை அங்குலம் தெரியும். எட்டுக்கு எட்டு என்று 64 சதுரம் வைத்தால் 36 அங்குலம். அதில் 32 அச்சு, 32 வெள்ளை.

45 அங்குல அகலத் துணியில் ஒரு ஐந்து அங்குலப் பட்டையிலிருந்து எட்டுச் சதுரம் கிடைக்கும். 32 சதுரத்துக்கு நாலு பட்டை, அதாவது 20 அங்குலம். நாலு வகை அச்சு என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு பட்டை. வெள்ளையும் அதே அளவு. பின் துணியும் பஞ்சு விரிப்பும் மேல் துணியைவிடப் பெரிதாக, 40 அங்குலச் சதுரம் வேண்டும். ஓரப் பட்டைக்கு இரண்டரை அங்குலத்தில் நாலு பட்டை, இன்னும் பத்து அங்குலத் துணி. கழுவினால் சுருங்கும், கடைக்காரர் வெட்டும்போது கோணும் என்பதையும் கணக்கில் எடுத்து ஒவ்வொன்றிலும் நாலைந்து அங்குலம் கூட வாங்குங்கள்.

நடுவில் வைக்க, பொலியெஸ்டர் விரிப்பு கடையில் மீட்டராகக் கிடைக்கும். தடிப்புக் குறைந்ததை எடுங்கள். தடித்தது மெஷின் பாதத்துக்குக் கீழே போகாது. இலவம்பஞ்சு வேண்டாம். தலையணைக்கும் ஊசி குத்தி வைக்கும் மெத்தைக்கும் அது நல்லது, போர்வைக்குள் போட்டால் முதல் கழுவலிலேயே கட்டி கட்டியாகிவிடும். பஞ்சு விரிப்பு கிடைக்கவில்லையா, பழைய பிளனல் போர்வை ஒன்றே போதும்.

அடுக்குவது

வெட்டிய சதுரங்களை ஒரு வெள்ளை, ஒரு அச்சு என்று தரையில் பரப்புங்கள். பிறகு போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறத்தில் மயங்காமல் எது கடுமை, எது வெளிச்சம் என்று தெரிந்துவிடும். கடுமையான துண்டுகள் ஒரு மூலையில் குவிந்திருந்தால் அங்கேயே தெரியும், கலைத்து வையுங்கள். ஒரே அச்சு குறுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கண் அங்கேயே ஓடும். விரும்பிச் செய்தால் அழகு, தற்செயலாக வந்தால் குறை. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு இரவு அப்படியே விட்டுக் காலையில் பார்த்தால் பிழை தானே கண்ணில் படும், வீட்டில் பூனை இல்லாவிட்டால்.

கால் அங்குலம்

ஒட்டுப்போடும் வேலை முழுக்க இந்தக் கால் அங்குலத்தில்தான் நிற்கிறது. ஒவ்வொரு தையலிலும் ஓரம் ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடினாலும் இரண்டு துண்டிலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போய்விடும். ஒரு வரிசையில் ஏழு தையல். முடிவில் வரிசை முக்கால் அங்குலத்துக்கும் மேலே குறைந்து நிற்கும். ஆகவே முதலில் சோதியுங்கள். இரண்டரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் தைத்து அயன் பண்ணி, நடுப் பட்டையை அளங்கள். சரியாக இரண்டு அங்குலம் இருந்தால் நீங்கள் விடும் ஓரம் சரி. இல்லாவிட்டால் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, மெஷின் தட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரிசையின் எட்டுத் துண்டையும் இணைத்து முடித்ததும் அயன் பண்ணுங்கள். முதல் வரிசையின் ஓரங்களை எல்லாம் இடப் பக்கம் சாய்த்து, இரண்டாம் வரிசையினதை வலப் பக்கம் சாய்த்து, இப்படி மாற்றி மாற்றி. வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த ஓரங்கள் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொண்டு, நாலு மூலையும் ஒரே புள்ளியில் சந்திக்கும். விரலால் தடவினால் அந்தப் பூட்டு தெரியும், அங்கே ஒரு குண்டூசி. அயன் பெட்டியைத் தேய்க்காதீர்கள், வைத்து எடுங்கள். தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகும்.

மூன்று அடுக்கும் சேரும் இடம்

சீமெந்துத் தரையை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பின் துணியை நல்ல பக்கம் கீழே பார்க்க விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். இறுக்கி இழுக்க வேண்டாம், சுருக்கம் இல்லாவிட்டால் போதும். மேலே பஞ்சு விரிப்பு, அதற்கு மேல் ஒட்டுத் துணி நல்ல பக்கம் மேலே. நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி நாலு அங்குலத்துக்கு ஒரு ஊக்கு. ஊக்கு போதாவிட்டால் நீளமான நூலோட்டம் போடுங்கள், பிறகு உருவிவிடலாம்.

தைப்பதும் நடுவிலிருந்துதான். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கூட்டி, முதலில் நடுக் கோட்டைத் தைத்து, பிறகு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று ஓரத்துக்குப் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கம் எல்லாம் நடுவில் வந்து கூடிவிடும். இணைத்த கோட்டுக்கு இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைப்பது எளிது. கோடு கொஞ்சம் விலகினாலும் தெரியாது. கோடுகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், பஞ்சு உள்ளே நகரும். அச்சு அதிகம் உள்ள குவில்ட்டுக்கு வளைவு நெளிவாகத் தைத்து மினக்கெட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பூக்களுக்கு நடுவே அந்தத் தையல் யாருக்கும் தெரியாது. வெள்ளைச் சதுரங்களில் மட்டும் கையால் ஓட்டத் தையலில் ஒரு கொழுந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் போடுங்கள், அது தனியாகத் தெரியும். அங்குலத்துக்கு ஆறு ஏழு தையல் விழுந்தால் கைத்தையலுக்கு நல்ல கணக்கு. பனி மூடிய பகலில் வெள்ளையில் வெள்ளை நூல் கண்ணுக்குத் தெரியாது. இலேசான பச்சை நூல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓரம் கட்டுதல்

மேல் துணியின் அளவுக்கு மூன்று அடுக்கையும் நேராக வெட்டுங்கள். ஓரப் பட்டைகளைச் சாய்வாக இணைத்து (நேராக இணைத்தால் அந்த இடம் தடித்து எழும்பும்), நீளவாக்கில் இரண்டாக மடித்து அயன் பண்ணுங்கள். வெளி ஓரத்தில் இன்னும் தைக்காத கால் அங்குலங்களையும் சேர்த்து ஒரு பக்கம் முப்பத்தாறரை அங்குலம், சுற்றளவு 146 அங்குலம். மூலைக்கும் முடிச்சுக்கும் பத்து அங்குலம் கூட வேண்டும்; நாலு பட்டையில் தாராளமாக வரும்.

பட்டையின் வெட்டு ஓரத்தைக் குவில்ட்டின் முன்பக்க ஓரத்தோடு சேர்த்து, ஒரு பக்கத்தின் நடுவில், பட்டையில் ஆறு அங்குலம் தைக்காமல் விட்டுத் தொடங்குங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்னாலேயே நிறுத்தி நூலை வெட்டுங்கள். பட்டையை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, பிறகு அடுத்த பக்க ஓரத்தோடு சேர்ந்து வரும்படி நேராகக் கீழே மடித்து, மூலையின் விளிம்பிலிருந்தே திரும்பத் தொடங்குங்கள். புரட்டினால் மூலை சட்டமடித்தது போலக் கூர்மையாக நிற்கும். நாலு மூலையும் முடிந்ததும், பட்டையின் இரு முனைகளையும் அளந்து இணைத்து, விட்ட இடத்தைத் தையுங்கள். பிறகு பட்டையைப் பின்பக்கம் மடித்து, சின்னச் சின்னக் கைத்தையலால் ஒட்டுங்கள். மெஷினிலும் போடலாம், ஆனால் பின்பக்கத்தில் கோடு ஏறி இறங்கும். பரிசுக்குக் கைத்தையலே என் தெரிவு.

கொடுப்பதற்கு முன்

குழந்தைக்கு என்றால் பொத்தான், மணி, நீண்ட நாடா எதுவும் வேண்டாம். முடிந்த போர்வை முழுவதும் இரண்டு பக்கமும் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே மறந்த குண்டூசி இருந்தால் அகப்படும். நம் ஊர்க் குளிரில் குழந்தையைப் போர்த்தித் தூங்கவைக்கத் தோன்றும். ஆனால் ஒரு வயதுக்கு முன் தூங்கும் குழந்தையின் பக்கத்தில் தளர்வான போர்வை இருக்கக் கூடாது, முகத்தை மூடினால் மூச்சுத் திணறும். இது தரையில் விரித்துக் குழந்தையை விளையாடவிட, மடியில் வைத்திருக்கும்போது போர்த்த. பெயர் வைக்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது தாயிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

தைத்த போர்வையை ஒரு தடவை கழுவிக் கொடுங்கள். சோக்குக் கோடும் போகும், கைப்பட்ட அழுக்கும் போகும். பொலித்தீன் பையில் சுற்ற வேண்டாம், ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். அதே அச்சில் மிஞ்சிய துணியை நாடாவாகக் கிழித்துக் கட்டினாலே பார்க்க நன்றாக இருக்கும். கூடவே ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்: குளிர்ந்த தண்ணீரில் கழுவவும், முறுக்க வேண்டாம், நிழலில் காயவைக்கவும், அயன் பண்ணுவதானால் இலேசான சூட்டில் பின்பக்கத்தில். அலுமாரியில் வைக்கிறவர்கள் மழை மாதங்களில் அவ்வப்போது வெளியே எடுத்து உதறி, பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு மாதிரி மடித்து வைக்கட்டும்.